காகிதத்துக்குள் ஒரு கிராஸ்ஓவர்

பாட்டுப் போடுவதற்கு முன்னால் நண்பர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். சென்னையில் அவர் வீட்டு மாடி அறை. சன்னலுக்கு இருபுறமும் தேக்கில் இழைத்த இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரே ஒரு எட்டங்குல ஸ்பீக்கர். ஒரு பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கொஞ்சம் கம்பளி, ஒரு காந்தத்தின் முதுகு, இரண்டு கம்பி. "பாத்தீங்களா சார்? ஆம்ப்லேர்ந்து நேரா கோனுக்கு. நடுவுல ஒரு கண்டென்சர் கிடையாது, ஒரு காயில் கிடையாது. அவர் பாடினது அப்படியே வந்து விழும்." தீபாராதனை காட்டுகிறவரின் முகம் அவருக்கு அப்போது.

அப்புறம் பாட்டு வந்தது. நன்றாகவே இருந்தது. எனக்கு வழக்கு பாட்டோடு இல்லை, அந்த டார்ச்சோடுதான்.

வீட்டில் இசை கேட்பதை ஒரு விரதம்போலக் கொண்டவர்களிடையே ஒற்றை ஸ்பீக்கருக்குத் தனிச் சன்னதி உண்டு. அவர்கள் சொல்லும் நியாயம் இது: சாதாரணப் பெட்டியில் கனத்த ஒலிக்கு ஒரு வூஃபர், கூர்மையான ஒலிக்கு ஒரு ட்வீட்டர், இரண்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க நடுவே கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று. அந்தச் சுற்று பாடகரின் குரலை இரண்டாக வெட்டுகிறது. வெட்டிய துண்டுகள் வேறுவேறு இடத்திலிருந்து, வேறுவேறு நேரத்தில் காதுக்கு வந்து சேர்கின்றன. ஒட்டுப்போட்ட வேட்டி புது வேட்டி ஆகுமா? ஒரே கோன் என்றால் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆகவே அதுவே தூய ஒலி. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! பல வருஷம் நானும் இதை நம்பினேன்; வாய்த்தவர்களுக்கெல்லாம் ஓதினேன். இப்போதும் என் வீட்டில் ஒரு ஜோடி நாலங்குல ஒற்றை ஸ்பீக்கர் இருக்கிறது, தினமும் பாடுகிறது. ஆகவே இதை எதிர்முகாமின் வசையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிர்முகாமுக்கு இரண்டு வரி போதும். ஆளுயரப் பெட்டி, அதில் நாலைந்து கோன், அட்டையில் ஆயிரக்கணக்கில் வாட் என்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதில் பலவற்றின் உள்ளே கிராஸ்ஓவர் என்று இருப்பது ட்வீட்டரின் காலில் பற்றவைத்த ஒரே ஒரு மலிவுக் கண்டென்சர். அதைக் கேட்டு வெறுத்துத்தான் பலர் ஒற்றை ஸ்பீக்கருக்கு மதம் மாறுகிறார்கள். வெறுப்பு நியாயமானது. மோசமான தையலைப் பார்த்துவிட்டுத் தையலே பாவம் என்று முடிவுகட்டியதுதான் கோளாறு.

முதலில் ஒரு பழங்கதை. இன்று நாம் ஸ்பீக்கர் என்று சொல்லும் பொருள், காந்த இடுக்கில் கம்பிச்சுருள் ஆட, அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றைத் தள்ளும் அமைப்பு, உருப்படியாக வந்தது 1925இல். அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் செய்தது. அன்று அது ஒற்றை ஸ்பீக்கர்தான். ஏதோ தத்துவத்தால் அல்ல. அன்றைய வானொலியும் இசைத்தட்டும் கொடுத்த குறுகிய ஒலிப்பட்டைக்கு அந்த ஒரு கோனே தாராளம். பட்டை அகன்றதும் ஒரு கோன் திணறியது, பொறியாளர்கள் வேலையைப் பிரித்தார்கள். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தார் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த வாத்தியக் குழுவைத் தொலைபேசிக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கில் கேட்கவைத்தார்கள். 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவரத் தாழ்ந்த ஒலிக்கு ஒரு கொம்பு, உயர்ந்த ஒலிக்கு வேறு கொம்புகள் என்று பிரித்தே வைத்தார்கள். வாஷிங்டனில் கட்டுப்பாட்டுக் குமிழ்களைப் பிடித்திருந்தவர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி; காது மந்தமான ஆள் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். ஆக, கிராஸ்ஓவர் என்பது வியாபாரிகள் பின்னாளில் புகுத்திய கலப்படம் என்ற எண்ணமே தவறு.

ஒரு கோன் ஏன் திணறுகிறது? ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், ஒரு லாரி அளவு. 10,000 ஹெர்ட்ஸின் அலை மூன்றரை சென்டிமீட்டர், ஒரு பெரிய நெல்லிக்காய். இந்த லாரியையும் நெல்லிக்காயையும் ஒரே காகிதக் கூம்பு ஒரே சமயத்தில் உருட்ட வேண்டும். லாரியை நகர்த்த அகலமும் ஆட்டமும் வேண்டும்; நெல்லிக்காய்க்குச் சிறுமையும் லேசும் வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் வராது. வந்ததுபோல் தோன்றினால் உள்ளே ஏதோ தந்திரம் நடக்கிறது.

அந்தத் தந்திரம்தான் என் வழக்கின் நடுப்புள்ளி. எட்டங்குலக் கோன் தாழ்ந்த ஒலிகளில் ஒரே துண்டாக முன்னும் பின்னும் போய்வருகிறது. சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டி ஏற ஏற, நடுவில் கம்பிச்சுருள் கொடுக்கும் உதைப்பு விளிம்புவரை போய்ச் சேர்வதற்குள் அடுத்த உதைப்பு வந்துவிடுகிறது. காகிதம் துண்டுதுண்டாக, ஒரு பகுதி முன்னே போகையில் மறு பகுதி பின்னே போவதாக அதிர ஆரம்பிக்கிறது. கடைசியில் விளிம்பு சும்மா கிடக்க, நடுப்பகுதி மட்டும் கத்துகிறது. இதைத்தான் ஒற்றை ஸ்பீக்கர் செய்கிறவர்கள் வேண்டுமென்றே ஏற்பாடு செய்கிறார்கள். 1930களில் பிரிட்டனில் பால் வோய்ட் பெரிய கோனின் நடுவில் இன்னொரு சின்னக் கோனை ஒட்டினார். உயர்ந்த ஒலிகளில் பெரியது கழன்றுகொள்ள, சின்னது ஆடும். அவர் வழிவந்த லௌதர் ஸ்பீக்கர்களில் இன்றும் அந்த இரட்டைக் கோனைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹாபிக்காரர்கள் அதை விஸ்ஸர் என்பார்கள். நண்பர் டார்ச் அடித்துக் காட்டிய ஸ்பீக்கரின் முகத்திலும் அது பூப்போல விரிந்திருந்தது. அதுதான் ட்வீட்டர். அதைப் பெரிய கோனோடு சேர்த்திருக்கும் பசைதான் கிராஸ்ஓவர். கம்பியில் இருந்திருக்க வேண்டியது காகிதத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. கம்பியில் இருந்தால் கண்டென்சரை மாற்றித் திருத்தலாம். காகிதத்தில் இருப்பதை என்ன செய்வது?

நம் ஊர்க்காரர் ஒருவரின் ஆராய்ச்சி இந்த இடத்தில் பேசும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் குமார் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து மிருதங்கம், தபலா பற்றி எழுதினார். பின்னர் விரிவாக இன்னொரு கட்டுரை. சாதாரண மேளத்தோல் பல விதமாகப் பிரிந்து அதிரும்போது வரும் ஒலிகள் ஒன்றுக்கொன்று சுருதி சேராது. அதனால் வெறும் தோலில் 'டம்' என்று சத்தம் வரும், ஸ்வரம் வராது. வலந்தலையின் நடுவே கருப்பாக அப்பிய கரணை அந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவான ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று ராமன் காட்டினார். தலைமுறை தலைமுறையாகத் தட்டித் தட்டி, கரணையைக் கூட்டிக் குறைத்துக் கண்டுபிடித்த கணக்கு அது. ஸ்பீக்கர் கோனும் ஒரு தோல்தான். அது துண்டுபட்டு அதிரும்போது எழும் ஒலிகள் பாட்டோடு சுருதி சேர்வதற்கு இயற்கையில் எந்தக் காரணமும் இல்லை. செய்கிறவர்கள் காகிதத்தில் பிசின் பூசுகிறார்கள், மடிப்பு வைக்கிறார்கள், வாழை நாரைக் கூழில் கலக்கிறார்கள். அருமையான கைவேலை, மறுக்கவில்லை. ஆனால் மிருதங்கம் ஒரு சுருதிக்கு நின்றால் போதும். கோன் எந்தச் சுருதியிலும் தன் சொந்தக் குரல் இல்லாமல் இருக்க வேண்டும். அது நடப்பதில்லை. இரண்டாயிரம், மூவாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் வட்டாரத்தில், காது மிகக் கூர்மையாக இருக்கும் அதே இடத்தில், பெரும்பாலான எட்டங்குல ஒற்றை ஸ்பீக்கர்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வயலின் முன்னுக்கு வருகிறது, பாடகர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பாடுவதுபோல் இருக்கிறது. அன்பர்கள் இதை 'உயிரோட்டம்' என்கிறார்கள். நாதஸ்வரம் போட்டுப் பாருங்கள், உயிர் போகும்.

அடுத்தது நேரம் பற்றிய வாதம். ஒரே புள்ளியிலிருந்து ஒலி வருவதால் எல்லா அதிர்வெண்ணும் ஒன்றாக வந்து சேர்கின்றன, கிராஸ்ஓவர் போட்டால் கலைந்துபோகின்றன என்பது. சரி, எவ்வளவு கலைகிறது? ஹ்யூலெட்-பேக்கர்டு பொறியாளர்கள் லிங்க்விட்ஸ், ரைலி பெயரில் 1976 முதல் புழங்கிவரும் நாலாம் படி கிராஸ்ஓவரை எடுத்துக்கொள்வோம். 3,000 ஹெர்ட்ஸில் வெட்டினால், கீழ்ப் பாதி மேல் பாதிக்குப் பின்தங்குவது 0.2 மில்லிவினாடிக்குள். 1978இல் பிளாவர்ட், லாஸ் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் இத்தகைய தாமதத்தைக் காது எப்போது கண்டுகொள்கிறது என்று அளந்தார்கள். ஓராயிரம் இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அது ஒன்றிரண்டு மில்லிவினாடி. அதாவது நல்ல கிராஸ்ஓவரின் குற்றம் காதின் பொறுமைக்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது அன்பர்களின் பெட்டிக்கு வருவோம். எட்டங்குலக் கோன் தானாகத் தாழ்ந்த ஒலி தராது என்பதால், அதன் முதுகிலிருந்து வரும் ஒலியைப் பெட்டிக்குள் மடித்து மடித்து வைத்த நீண்ட மரக் கொம்பின் வழியே சுற்றவிட்டு வெளியே விடுவார்கள். பேக்லோடட் ஹார்ன் என்று பெயர். தச்சருக்குச் சவால், பார்க்க அலமாரிபோல் கம்பீரம். அந்த வழி இரண்டரை மீட்டர் என்று வைத்தால், முதுகு ஒலி முக ஒலிக்கு 7 மில்லிவினாடி பின்னால் வருகிறது. அதுவும் வேறொரு வாயிலிருந்து, பலசமயம் தரையை ஒட்டி. 0.2 மில்லிவினாடிக்குக் கிராஸ்ஓவரைச் சிலுவையில் அறைந்தவர்கள், தம் வீட்டு 7 மில்லிவினாடியைச் 'சங்கீதத்தின் மூச்சு' என்கிறார்கள். தாழ்ந்த ஒலியில் காது ரொம்பப் பெருந்தன்மை உடையது, 7 மில்லிவினாடியை மன்னித்துவிடும் என்பது உண்மை. அந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது குவாட் எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ஒரே சவ்வு, ஒரே மூலம், அதனால்தான் அந்தத் தெளிவு என்று. ஆனால் 1957இல் வந்த முதல் குவாடிலேயே தாழ்ந்த ஒலிக்கு வேறு பலகை, உயர்ந்ததற்கு வேறு பலகை, பிரித்துக் கொடுக்கச் சுற்று. 1981இல் வந்த இஎஸ்எல்-63இல் குவாடின் பீட்டர் வாக்கர் மின்முனையை வட்ட வட்டமாக வெட்டி, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒலியைச் சற்றே தாமதப்படுத்தி அனுப்பினார். குளத்தில் கல் போட்டால் அலை விரிவதுபோல ஒலி விரியட்டும் என்று. அந்த 'ஒரே மூலம்' கம்பிச்சுருள்களால் ஆன நீண்ட தாமதச் சுற்றின் விளைவு. வாக்கர் அதை ஒளிக்கவில்லை. நம்மவர்கள்தான் பின்பலகையைக் கழற்றிப் பார்க்கவில்லை.

தாழ்ந்த ஒலியின் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். என்னுடையதைப்போல நாலங்குலக் கோன். அதன் பயனுள்ள பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். மூடிய பெட்டியில், ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் வேண்டுமானால் 200 ஹெர்ட்ஸில் அது ஒரு பக்கத்துக்கு 0.6 மில்லிமீட்டர் ஆடினால் போதும். 100 ஹெர்ட்ஸில் 2.4 மில்லிமீட்டர். 50 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் நாலு மடங்கு. இந்த வகையில் பேர்பெற்ற ஃபோஸ்டெக்ஸ் எஃப்இ103 போன்ற லேசான கோன்கள் ஒழுங்காக ஆடும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெட்டியில் துளையும் குழலும் வைத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம். அதற்குமேல் கேட்டால் கம்பிச்சுருள் காந்த இடுக்கைவிட்டு வெளியே வருகிறது. வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் கோனின் பிடி தளர்கிறது. அதே கோன்தானே பாடகியையும் சுமக்கிறது? மிருதங்கத் தொப்பி 'தொம்' என்று விழும் ஒவ்வொரு முறையும் பாடகியின் குரல் கொஞ்சம் கசங்குகிறது. தூய்மை என்ற பெயரில் எல்லாரையும் ஒரே பாயில் படுக்கவைத்ததன் விளைவு. (கோன் முன்னும் பின்னும் போவதால் குரலின் சுருதியே மாறுகிறது என்று எதிர்முகாம் டாப்ளரைக் காட்டிப் பயமுறுத்தும். அது சொற்பம். பிடி தளர்வதுதான் பெரிய சேதம்.)

"எனக்கு பேஸ் கேக்குதே சார்" என்பார்கள். கேட்கும். பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் அந்தத் தந்தி நடக்கும் நடையை நாலங்குலக் கோனிலும் பின்தொடர முடிகிறது. காரணம், அடிஸ்வரம் வராவிட்டாலும் அதன் இரண்டாம் மூன்றாம் மடங்குகள் வந்தால், இல்லாத அடிஸ்வரத்தை மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. உயர்ந்த வசதி இது, மூளைக்கு நன்றி. ஆனால் ஊகித்த பேஸ் வயிற்றில் உதைக்காது. எம்.டி. ராமநாதன் மந்திர ஸ்தாயியில் இறங்கி உட்காரும்போது ஸ்வரம் தெரிகிறது, உட்கார்ந்த கனம் தெரிவதில்லை. படியில் இறங்குகிறவரின் நிழலை மட்டும் பார்ப்பதுபோல.

உயர்ந்த ஒலியில் நேர்மாறான தொல்லை. எட்டங்குலக் கோனின் ஆடும் விட்டம் 16 சென்டிமீட்டருக்கு மேல். அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்கும் 2,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்திலிருந்து ஒலி விரிவதை விட்டு டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகிறது. நேரே உட்கார்ந்தவருக்குத் தம்புராவின் ஜீவா தெரியும். இரண்டடி தள்ளி சோஃபாவில் உட்கார்ந்த மனைவிக்கு யாரோ போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் வீடுகளில் நல்ல நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அதில் யார் உட்காருவது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'எங்கள் வழியில் எதுவும் சேர்ப்பதில்லை' என்ற விரதம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்றும் பார்க்கலாம். கோனின் முட்டலைத் தாங்க முடியாமல் காயில், கண்டென்சர், ரெசிஸ்டர் மூன்றையும் சேர்த்துக் கம்பியில் ஒரு பொறி வைக்காத பழைய அன்பர் அபூர்வம். சிறிய முகப்புப் பலகையைச் சுற்றித் தாழ்ந்த ஒலி பின்னால் ஒழுகிவிடுவதால் குரல் மெலிந்துபோகும். அதற்கு இன்னொரு சுற்று. இவை இரண்டும் இல்லையென்றால் வால்வு ஆம்ப் அந்த வேலையைச் செய்யும். 300பி வால்வு ஒன்று எட்டு வாட் கொடுக்கும், 2ஏ3 மூன்றரை. அதிகச் சத்தம் தரும் ஸ்பீக்கர் என்பதால் அதுவே போதும், இதுவரை சரி. ஆனால் அந்த ஆம்ப்களின் வெளியீட்டுத் தடை அதிகம். ஸ்பீக்கரின் மின்தடை எங்கே ஏறுகிறதோ அங்கே ஒலியும் ஏறும்: பெட்டியின் ஒத்ததிர்வு வட்டாரத்தில் கொஞ்சம் பேஸ் கூடும், மேலே கொஞ்சம் பளபளப்புக் கூடும். டோன் குமிழைத் திருகியதற்கு இணையான காரியம். குமிழ் என்றால் தீட்டு, வால்வு என்றால் தீர்த்தம்.

'அளவுகோலுக்கு என்ன தெரியும், காதுதான் சாட்சி' என்ற கடைசி அரண் இருக்கிறதே, அதுவும் நிற்காது. 1980களில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் காதுகளைத்தான் சாட்சிக்கு அழைத்தார். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்துவைத்து, எது எதுவென்று தெரியாமல் மதிப்பெண் போடச் சொன்னார். நேரெதிரில் சமமாகவும், பக்கவாட்டில் சீராகக் குறைந்தும் ஒலிப்பவற்றுக்கே திரும்பத் திரும்ப அதிக மதிப்பெண் விழுந்தது. அளவுகோல் சொன்னதைத்தான் காதும் சொன்னது, கண்ணை மூடியபோது. திரையை எடுத்துவிட்டால் தேக்கும் விலையும் விஸ்ஸர் பூவும் சேர்ந்து பாட ஆரம்பிக்கும். புது ஸ்பீக்கர் 'திறக்க' நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடவேண்டும் என்பதும் இந்த வகைதான். கோனின் தொங்கல் சற்று இளகும், அது நிஜம். மிச்ச நேரமெல்லாம் பழகிக்கொள்வது காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் என் மேசையில் அந்த நாலங்குலம்? இங்கேதான் அன்பர்கள்மீது எனக்கு நிஜமான கோபம். தங்கள் ஸ்பீக்கருக்கு இருக்கும் உண்மையான பெருமையைச் சொல்லாமல், இல்லாத பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு அதைப்போல் வேறில்லை. மேசைமேல் மூன்றடித் தூரத்தில் இருவழிப் பெட்டியை வைத்தால் ட்வீட்டரும் வூஃபரும் ஒன்றாகக் கலக்க இடம் போதாது. தலையைச் சற்றுத் தூக்கினால் ஒன்று, இறக்கினால் ஒன்று. சிறு ஒற்றைக் கோனில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பெட்டிக்கு நடுவே பாடகர் சுவரில் ஆணி அடித்து மாட்டிய படம்போல அசையாமல் நிற்கிறார். நாலங்குலம் என்பதால் எட்டங்குலத்தைப்போல் டார்ச்சடிப்பதும் குறைவு. 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான் ஒடுங்குகிறது. மேசை சுவரை ஒட்டி இருந்தால், பின்னால் ஒழுகும் தாழ்ந்த ஒலியைச் சுவரே திருப்பித் தந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் நம்மில் பலருக்கு வாய்த்தது. 47, 56 ஹெர்ட்ஸ் வட்டாரங்களில் அந்த அறையே முழங்கத் தொடங்குகிறது. பெரிய வூஃபரை அங்கே கொண்டுபோனால் தொப்பி விழும்போதெல்லாம் பீரோ பதில் சொல்லும். 50 ஹெர்ட்ஸே வராத ஸ்பீக்கர் அந்த அறையில் குறையா, வரமா?

இன்னொன்று, செலவு. கொடுக்கும் காசு மொத்தமும் ஒரே நல்ல கோனுக்குப் போகிறது. அதே காசில் வரும் இருவழிப் பெட்டியில் இரண்டு சுமாரான கோனும் ஒரு மோசமான சுற்றும் கிடைக்கும். பெட்டியை நாமே செய்யலாம். எனக்குச் செய்த தச்சர் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஒரே நாளில் முடித்தார். 'ரேடியோப் பொட்டி மாதிரியே இருக்கு' என்றார். அவர் சொன்னது அவர் நினைத்ததைவிடச் சரி.

ஏனென்றால் இந்த ஸ்பீக்கர் எதற்குப் பொருந்துகிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. மத்திய அலை வானொலியில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. காதுக்கு வந்து சேர்வது நாலரை, ஐந்து கிலோஹெர்ட்ஸ்தான். 78 சுற்று இசைத்தட்டின் பட்டையும் குறுகியதே. இலங்கை வானொலியும் விவித் பாரதியும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, வால்வு ரேடியோவின் துணி மூடிய வயிற்றுக்குள் இருந்த ஒற்றைக் கோன் எதையும் விட்டுவைக்கவில்லை. அனுப்பியதை முழுதாகக் கொடுத்தது. அந்தக் காலத்துப் பாடகர் அரியக்குடியை இன்றைய பளபளக்கும் ட்வீட்டரில் போட்டால் ஊசிக் கீறல்தான் அரியக்குடிக்கு முன்னால் வந்து உட்காரும். நாலங்குலம் ஊசியைப் பின்னுக்குத் தள்ளி ஆளை முன்னுக்குக் கொண்டுவருகிறது. அதன் குறைதான் அங்கே குணம். ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய மானிட்டர்களுக்கு நடுவே ஆரடோன் என்ற ஒற்றைக் கோன் சதுரப் பெட்டியைப் பல காலம் வைத்திருந்தார்களே, அதுவும் இதற்குத்தான். மேலும் கீழும் இருக்கும் அலங்காரத்தைக் கழித்துவிட்டு, குரல் நிற்கிறதா என்று பார்க்க. அதைத் தூய ஒலி என்று அங்கே யாரும் கும்பிட்டதாகத் தெரியவில்லை, பூதக்கண்ணாடியாகப் பயன்படுத்தினார்கள்.

கிராஸ்ஓவர் இருப்பதா இல்லாததா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, எங்கே இருக்கிறது என்று கேட்டால் வழி திறக்கிறது. 3,000 ஹெர்ட்ஸில் வெட்டினால் காது கூர்மையான இடத்தில் வெட்டுகிறோம். அங்கே ஒவ்வொரு தையலும் தெரியும், தேர்ந்த கை வேண்டும். 250 ஹெர்ட்ஸில் வெட்டினால்? அங்கே அலைநீளம் 1.37 மீட்டர். ஓரடி தள்ளி இருக்கும் இரண்டு கோன்களை அந்த அலை ஒரே கோனாகத்தான் பார்க்கும். நாலங்குலம் 0.6 மில்லிமீட்டருக்குள் ஆடிக்கொண்டு குரல் முழுவதையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும்; தொப்பியும் பேஸ் கிதாரும் கீழே இருக்கும் வூஃபருக்குப் போய்விடும்; பாடகி கசங்கமாட்டார். என் வீட்டில் ஒரு வருஷமாக இப்படித்தான் இருக்கிறது. மாடி நண்பர் வந்து பார்த்தார். மேசைக்குக் கீழே இருந்த பத்தங்குல வூஃபரையும் அதன் சுற்றையும் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "நீங்களுமா சார்?" என்றார். எம்.டி.ஆர். போட்டேன். மந்திர ஸ்தாயி வந்தபோது குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார், மறுபடி குனிந்தார். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அந்தக் காயில் எத்தனை மில்லிஹென்றி என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ராத்திரி பத்து மணிக்குமேல் கீழ்வீட்டுக்காரர்கள் படுத்துவிடுவார்கள். வூஃபரின் சுவிட்சை அணைத்துவிட்டு, சத்தத்தைப் பேச்சுக்குரல் அளவுக்குக் குறைத்து, நாலங்குலத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கிறேன். பகலில் சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் மகளே வந்து சுவிட்சைப் போட்டுக்கொள்கிறாள்.